தடுப்பாட்டமா, ஃபவுலா? ரோபோட்டிக்ஸ் போட்டி விதிகளைப் படிக்கும் முறை

எதிரணி ரோபோவை மறிப்பது குற்றமல்ல. எஃப்.ஆர்.சி. (ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் காம்படிஷன்), வெக்ஸ் வி5 என்ற மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டிகள் இரண்டிலுமே அது ஆட்டத்தின் ஒரு பகுதிதான். எங்கே மறிக்கிறோம், எவ்வளவு நேரம் மறிக்கிறோம், எதிராளி தப்பிக்க வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது ஃபவுலாக மாறும். கையேட்டைப் புதிதாகத் திறப்பவர்களுக்கு எஃப்.ஆர்.சி. 2024, 2025 விதிகளை வைத்து விளக்குகிறோம். விதி எண்ணும் அளவுகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் உங்கள் பருவத்தின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: தலைப்பு வரியோடு நின்றுவிடாதீர்கள்

எஃப்.ஆர்.சி. கையேட்டில் ஒவ்வொரு விதிக்கும் மேலே தடித்த எழுத்தில் பேச்சு நடையில் ஒரு வரி இருக்கும். அது நினைவில் வைத்துக்கொள்ளத்தான். அதற்கும் கீழே உள்ள விதிக்கும் முரண் வந்தால் விதியின் வாசகமே செல்லும். விதிகளுக்கு இடையே நீலப் பெட்டிக்குள் அச்சான குறிப்புகளுக்கும் இதே கதிதான்: அவை விளக்கம் தரும், விதியை மீறி நிற்காது.

முழுதும் பெரிய எழுத்தில் அச்சான சொற்களை அகராதிப் பகுதியில் தேடிப் பாருங்கள். 2024 கையேட்டின்படி ‘கணநேரம்’ என்றால் சுமார் 3 வினாடிக்குக் குறைவு, ‘தொடர்ச்சி’ என்றால் சுமார் 10 வினாடிக்கு மேல், ‘மீண்டும் மீண்டும்’ என்றால் ஒரே ஆட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. பல தடவை செய்தால்தானே தப்பு என்று நினைத்திருந்தவர்களுக்கு இரண்டாவது தடவையே தண்டனை விழும்.

படி 2: பின்னிங்கை உறுப்பு உறுப்பாகப் பிரியுங்கள்

எதிராளி நகர முடியாதபடி தொட்டு அழுத்துவதுதான் பின்னிங், சுருக்கமாக ‘பின்’. நேராக மோதி அழுத்தினாலும் சரி, சுவரோடோ இன்னொரு பொருளோடோ சேர்த்து அழுத்தினாலும் சரி. இதில் பலரும் கவனிக்காமல் விடும் நிபந்தனை ஒன்று உண்டு: எதிராளி நகர முயல வேண்டும். மாட்டிக்கொண்ட டிரைவர் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கையை விரித்தால் நடுவரின் வினாடி எண்ணிக்கையே தொடங்காமல் போகலாம். நீங்கள் மாட்டிக்கொண்டால், ஒரே திசையில் தெளிவாக நகர முயன்றுகொண்டே இருங்கள். நடுவர் கண்ணில் அது பட வேண்டும்.

2024இல் 5 வினாடி வரை ‘பின்’ செய்யலாம். 2025இல் அது 3 வினாடியாகக் குறைந்தது. விடுவிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஓர் அடி பின்வாங்கி மறுபடி மோதினால் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குப் போகாது. இரண்டு ரோபோவுக்கும் இடையே குறைந்தது 6 அடி, அதாவது சுமார் 183 சென்டிமீட்டர் இடைவெளி 3 வினாடிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குள் நெருங்கினால், விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடரும். ‘பின்’ தொடங்கிய இடத்திலிருந்து ஏதாவது ஒரு ரோபோ 6 அடி நகர்ந்து 3 வினாடிக்கு மேல் கடந்தாலும், ‘பின்’ செய்தவரே ‘பின்’ செய்யப்பட்டாலும் அந்த ‘பின்’ முடிந்துவிடும்.

பயிற்சிக் களத்தில் டேப்பால் 183 சென்டிமீட்டர் கோடு ஒட்டுங்கள். டிரைவ் கோச் (ஆட்டத்தின்போது டிரைவருக்கு வழிகாட்டுபவர்) சத்தமாக எண்ணட்டும். 3 வினாடி விதி என்றால் ‘இரண்டு’ என்றதும் ‘விடு’ என்று சொல்லிவிட வேண்டும். மூன்று வரை காத்திருந்தால், டிரைவர் காதில் விழுந்து கை அசைவதற்குள் நேரம் கடந்திருக்கும்.

வெக்ஸில் இருந்து வருபவர்களுக்கு இந்த அளவுகள் குழப்பும். அங்கே பின்னிங், மடக்கி வைத்தல், தூக்குதல் எல்லாம் ‘ஹோல்டிங்’ என்ற ஒரே தலைப்பில் வரும். நடுவர் ஐந்து எண்ணும் வரைதான் அனுமதி.

படி 3: ‘யார் தொட்டாலும்’ என்ற சொற்களைத் தேடுங்கள்

காப்பு மண்டல விதிகளில் கண் முதலில் போக வேண்டிய இடம் இது. 2024இல் எதிரணியின் சோர்ஸ் ஸோன் (நோட் எனும் வளையங்களை எடுக்கும் பகுதி), ஆம்ப் ஸோன் (நோட்டைப் போட்டுப் புள்ளி எடுக்கும் ஓர் இடத்தை ஒட்டிய பகுதி) ஆகியவற்றில் இரண்டு ரோபோக்களில் எதன் பம்பராவது (ரோபோவைச் சுற்றியுள்ள மெத்தைத் தடுப்பு), கொஞ்சமே ஆனாலும், உள்ளே இருக்கையில் தொடர்பு நேர்ந்தால் தண்டனை உண்டு. தொடர்பை யார் தொடங்கினார் என்பது கணக்கில் வராது. ‘அவன்தானே வந்து இடித்தான்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. இந்தச் சொற்கள் வரும் ஒவ்வொரு விதியையும் சிவப்பு மையால் குறியுங்கள். உங்கள் டிரைவர் அந்தப் பக்கமே ஒதுங்காமல் இருப்பதற்கான பட்டியல் அதுதான்.

படி 4: வலிந்து வரவழைத்த ஃபவுலா என்று சோதியுங்கள்

எதிராளியை விதி மீறவைப்பதையே நோக்கமாகக் கொண்ட உத்திக்குத் தடை உண்டு. 2025 எஃப்.ஆர்.சி. கையேட்டில் அது ஜி210. அப்படி மீறவைக்கப்பட்டவருக்குத் தண்டனை கிடையாது. வெக்ஸிலும் இதே கருத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆனால் இதை எல்லாவற்றுக்கும் கேடயமாகப் பிடிக்க முடியாது. மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள்:

1. செயல் வேண்டுமென்றே செய்ததா?
2. மாட்டிக்கொண்டவருக்குத் தப்ப வழி இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்ததா?
3. செய்தவர் செய்தது வழக்கமான ஆட்டத்துக்குப் புறம்பானதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால்தான் வாதத்துக்கு வலு.

2024இல் ஒரு ரோபோ ஒரு நேரத்தில் ஒரு நோட் மட்டுமே வைத்திருக்கலாம். எதிராளியின் ரோபோ மேல் வேண்டுமென்றே இன்னொரு நோட்டை வைத்துவிட்டால் அவரால் தவிர்க்கவே முடியாது, மூன்றும் பொருந்துகின்றன. மாறாக, சிவப்பு ரோபோ நோட் எடுக்கத் தன் சோர்ஸ் ஸோனுக்குப் போகிறது, அங்கே வழியில் நின்ற எதிரணியின் நீல ரோபோ மேல் இடிக்கிறது என்றால், சிவப்பு தன் வேலையைத்தான் பார்த்தது. நீலத்துக்கு விலகி நிற்க இடமிருந்தது. ஃபவுல் நீலத்துக்கே.

நடுக்களத்தில் நின்ற நீலத்தைச் சிவப்பு தள்ளிக்கொண்டே போய் அந்த ஸோனுக்குள் நுழைத்தால்? இங்கேதான் நடுவரின் பார்வை வேலை செய்யும். சிவப்பிடம் நோட் எடுக்கும் நோக்கம் இருந்ததா, நீலம் விலக முயன்றதா என்று பார்ப்பார். முயலாமல் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்த நீலத்துக்கு இந்த விதி கைகொடுப்பது கடினம். எங்கள் ஆலோசனை: தண்டனை விழும் என்றே வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் திட்டமிடுங்கள்.

படி 5: கணக்குப் போடுங்கள்

2024இல் ஃபவுல் 2 புள்ளி, அதைவிடக் கடுமையான டெக் ஃபவுல் 5. 2025இல் மைனர் (சிறிய) ஃபவுல் 2, மேஜர் (பெரிய) ஃபவுல் 6. இவை எதிரணிக் கணக்கில் சேரும். நீங்கள் தடுத்ததால் அவர்கள் இழக்கும் புள்ளி இதைவிடக் குறைவு என்றால், அந்தத் தடுப்பு அவர்களுக்குச் செய்த உதவி.

படி 6: முறையாகக் கேளுங்கள்

பருவத்தின் தொடக்கத்திலேயே சந்தேகத்தை அதிகாரபூர்வ கேள்வி-பதில் பகுதியில் கேட்டுவிடலாம். டீம் அப்டேட் எனும் அதிகாரபூர்வ அறிவிப்புகளையும் விடாமல் படியுங்கள். விதிகள் அவற்றில் திருத்தப்படும்.

ஆட்டத்தில் ஐயம் எழுந்தால், எஃப்.ஆர்.சி.யில் டிரைவ் டீமிலிருந்து (ஆட்டத்தில் ரோபோவை இயக்கும் குழு) ஒரு மாணவர் மட்டும் கேள்விப் பெட்டியில் (கேள்வி கேட்பதற்கென்று குறித்த இடம்) நின்று ஹெட் ரெஃப்ரியிடம் (தலைமை நடுவர்) பேச வேண்டும். செல்போன் வீடியோவைக் காட்டிப் பயனில்லை, பார்க்க மாட்டார். ‘அநியாயம்’ என்று ஆரம்பிக்காமல், விதி எண், களத்தின் எந்த மூலை, தோராயமாக எந்த நேரம், நாங்கள் எந்தப் பக்கம் விலக முயன்றோம் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். இதற்காகக் கோச் ஒரு சிறு குறிப்பேட்டில் ஆட்டம் முடிந்த கையோடு நேரத்தையும் இடத்தையும் கிறுக்கி அந்த மாணவரிடம் கொடுத்துவிடலாம்.