குன்னூர் ஈரத்தில் தொங்கிப்போன காகித எலும்புக்கூடு

மகளின் பள்ளிக்காக இரண்டடி உயரத்தில் சார்ட் பேப்பர் எலும்புக்கூடு. மாலையில் ஒட்டினால் ஜோராக நிற்கும். காலையில் பார்த்தால் விலா எலும்புகள் துவண்டு கிடக்கும். குன்னூரில் ஐப்பசி மழை. துவைத்த துணியே மூன்று நாள் காயாது.

பசைமேல் சந்தேகம். மைதாப் பசை காய்ச்சினேன், பூஞ்சை பிடித்தது. வெள்ளைப் பசையை அதிகம் தடவினேன், அதிலிருந்த தண்ணீரில் காகிதம் இன்னும் ஊறியது. ஹேர் டிரையர் காட்டினேன், ராத்திரிக்குள் மறுபடி நமுத்தது. நாலு நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன், இடப்பக்க விலாக்கள்தான் ரொம்பத் தொங்கின. வலப்பக்கத்தை அட்டையின் நீளவாக்கில் வெட்டியிருந்தேன். இடப்பக்கத்தை மிச்சத் துண்டில் குறுக்கே. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசையில் வெட்டிய பட்டை விறைப்பாக நிற்கும், குறுக்கே வெட்டியது துவளும். ஈரத்தில் காகிதம் விரிவதும் குறுக்குவாக்கில்தான் அதிகம்.

நீளப்பக்கம்தான் நார்த்திசை என்று நம்பிவிடக் கூடாது, அட்டைக்கு அட்டை மாறும். ஒரே அளவில் நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று வெட்டி, சேர்த்து ஒரு முனையில் பிடித்தால் எது தொங்குகிறதோ அது வேண்டாம்.

12 ஜோடியையும் நார்த்திசையில் மறுபடி வெட்டி, பசைக்குப் பதில் இருபக்க டேப் போட்டேன். 11, 12-ஆம் ஜோடிகளுக்கு மட்டும் இரட்டைப் பட்டை; அவை மார்பெலும்பைத் தொடாதவை, முன்னால் பிடிமானம் கிடையாது.

ஐந்து நாளாகிறது. மூடுபனி அப்படியே இருக்கிறது, விலா ஒன்றும் அசையவில்லை.