காம்பவுண்ட் வில்: பிராண்டுக்கு முன் அளவைப் பாருங்கள்

ஹாய்ட், மேத்யூஸ், பியர், பிஎஸ்இ என எந்தப் பெயரைத் தேர்ந்தாலும் உங்கள் இழுநீளத்துக்கு (நாணை முழுதாக இழுக்கும் தூரம்) பொருந்தாத காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் பொருத்திய வில்) வீண்தான். கைகளை இருபுறமும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுங்கள். 70 அங்குலம் என்றால் இழுநீளம் சுமார் 28. இது தோராயம்தான், இழுத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நீளம் கூடினால் நாண் முன்கையில் அடிக்கும், முகத்தில் அது பதியும் இடமும் நிலைக்காது.

அடுத்து இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம். உட்கார்ந்தபடி, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராக இழுக்க முடிகிறதா? முடியாவிட்டால் 5 பவுண்டு குறையுங்கள். வீறாப்புக்கு 70 பவுண்டு வாங்கித் தோளைக் கெடுத்துக்கொள்பவர்களே அதிகம்.

பிராண்டுகளுக்கிடையே உண்மையான வித்தியாசம் நாண் சுற்றும் கேம் சக்கரத்தில்தான். சில மாடல்களில் ஆலன் சாவியால் திருகைத் தளர்த்தி இழுநீளத்தை மாற்றலாம். சிலவற்றுக்குத் தனி மாட்யூல் (கேமில் பொருத்தும் துண்டு) வாங்க வேண்டும். புதியவர்களுக்கு முதல் வகையே நல்லது. எடுத்துக்காட்டாக, டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் புரோ மாடல் 13 முதல் 31 அங்குலம் வரை, 5 முதல் 70 பவுண்டு வரை மாறும்.

நாண் மாற்ற வில் பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) தேவை. அதனால் அருகில் யார் பழுது பார்ப்பார்களோ, அவர்களிடம் உதிரிபாகம் கிடைக்கும் பிராண்டையே வாங்குங்கள். கடையில் சோதிக்கும்போது அம்பு பூட்டாமல் நாணை விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லிலேயே பாய்ந்து லிம்ப் (வில்லின் வளையும் கை) பிளந்துவிடலாம்.