கழுகு நெபுலாவின் தூண்களுக்கு நாமே வண்ணம் ஏற்றுவது எப்படி?

கழுகு நெபுலாவில் வாயுவும் தூசியும் தூண்களாக எழுந்து நிற்கும் ‘படைப்பின் தூண்கள்’ பகுதியை 1995-இல் படமெடுத்த ஹபிள் தொலைநோக்கி, 2014-இல் டபிள்யூஎஃப்சி3 கேமராவைக் கொண்டு அதே தூண்களை மீண்டும் எடுத்தது. அந்த மூலத் தரவு மாஸ்ட் என்னும் இணையவழி விண்வெளித் தரவுக் களஞ்சியத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து வண்ணப் படம் உருவாக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. அவற்றில் இரண்டை மூன்றாம் படியே எடுத்துக்கொண்டது.

படி 1: மாஸ்ட் தளத்தில் எம்16 (கழுகு நெபுலாவின் பட்டியல் பெயர்) என்று தேடி, எஃப்673என், எஃப்657என், எஃப்502என் ஆகிய மூன்று வடிகட்டிகளுக்கும் ‘டிஆர்சி’ என முடியும் ஃபிட்ஸ் கோப்புகளை (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: மூன்றும் கறுப்பு வெள்ளைப் படங்களே. முதலாவது அயனியான கந்தகத்தின் ஒளி, அடுத்தது பெரும்பாலும் ஹைட்ரஜனின் ஒளி, கடைசியாக ஆக்சிஜனின் ஒளி. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும் கந்தகம் 671.6, 673.1 நானோமீட்டர்களிலும் ஒளிர்வதால் கண்ணுக்கு இரண்டும் சிவப்பாகவே தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்காகவே, அலைநீள வரிசை மாறாமல், கந்தகத்துக்குச் சிவப்பையும் ஹைட்ரஜனுக்குப் பச்சையையும் ஆக்சிஜனுக்கு நீலத்தையும் தருகிறோம்.

படி 3: கோப்பை, ஃபிட்ஸ் படங்களைத் திறக்கும் ஃபிட்ஸ் லிபரேட்டர் மென்பொருளில் திறந்தால் சில விண்மீன்களைத் தவிர எல்லாம் இருட்டாகவே இருக்கும். நெபுலாவின் ஒளி முழுவதும் அளவுகோலின் அடிமட்டத்தில் ஒடுங்கிக் கிடப்பதே அதற்குக் காரணம். அதை நீட்டி விரிக்க வேண்டும். இதற்கு அந்த மென்பொருள் தரும் கணித முறைகளில், லாக் முறை இருண்ட தூண்களைச் சாம்பல் பூத்தவைபோல் ஆக்கிவிடுவதால், ஆர்க்சைன்எச் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். தூண்கள் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று வெள்ளை அளவை (எந்த ஒளி அளவுக்கு மேல் எல்லாம் முழு வெள்ளையாகும் என்ற எல்லையை) நான் மிகவும் கீழே இறக்கியதில், விளிம்புகள் வெளிறித் தட்டையாகிவிட்டன. படத்தில் காண வேண்டியதே அந்த விளிம்புதான். என்ஜிசி 6611 என்னும் விண்மீன் கொத்தின் இளம் விண்மீன்கள் வீசும் புற ஊதாக் கதிர்கள் தூண்களின் மேற்பரப்பைச் சூடாக்கி வாயுவை உரித்தெடுக்கின்றன. உயரமான தூணின் உச்சியை 100 விழுக்காட்டு அளவில் பாருங்கள்: வெயிலில் காயும் ஈரத்துணியிலிருந்து ஆவி எழுவதுபோல், மேற்பரப்புக்குச் செங்குத்தாக மெல்லிய இழைகள் எழுந்து நிற்கும். அந்த இழைகள் மறையாத அளவுக்கே வெள்ளையை இறக்குங்கள்.

மூன்று கோப்புகளையும் தனித்தனியே நீட்டுவது அவசியம். ஹைட்ரஜனின் ஒளியே மிக வலுவானது என்பதால், ஒரே எண்களை மூன்றுக்கும் இட்டபோது எனக்குப் படம் முழுவதும் பச்சையாகவே வந்தது.

படி 4: மூன்றையும் 16 பிட் டிஃப் கோப்புகளாகச் சேமித்து, சிரில் மென்பொருளின் ஆர்ஜிபி இணைப்பில் அந்தந்த வண்ணத்தில் ஏற்றுங்கள். பச்சையை நீக்கும் வசதியை உடனே பயன்படுத்தாதீர்கள். இங்கே பச்சை இரைச்சலன்று, ஹைட்ரஜன். முதலில் அந்தச் சேனலின் நீட்டலைக் குறைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: முன்பு நான்காம் படிக்கு கிம்ப் மென்பொருளைச் சொல்லியிருந்தேன். கோப்புகளின் அளவு சிறிது வேறுபட்டாலும் அதில் இணைப்பு நடக்கவில்லை என்று வாசகர்கள் இருவர் எழுதியதால் சிரிலுக்கு மாற்றியிருக்கிறேன்; விண்மீன்களை அடையாளமாகக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் வசதி அதில் உண்டு. பொருத்திய பின் தூண்களின் உச்சியில் விரல்போல் நீண்டிருக்கும் முனைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவற்றின் விளிம்பில் சிவப்போ நீலமோ தனிக் கோடாகப் பிரிந்து நின்றால், பொருத்தம் இன்னும் சரியாகவில்லை என்று பொருள். அந்த முனைகள் நம் சூரியக் குடும்பத்தைவிட அகலமானவை.