பழைய ஆங்கிலிக்கன் ஆலயத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

"நூற்றாண்டு மலர் போடறோம், ஆலயம் எப்ப கட்டினதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரச் சேகரங்களிலிருந்து (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) என்னைக் கூப்பிடுவார்கள். காவேரிப்பட்டினத்தில் பழைய கட்டட ரிப்பேர் எனக்குத் தொழில். வாசலில் பதித்த கல்லை மட்டும் நம்பி மலரை அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முகப்பை இடித்துக் கட்டியபோது வைத்த கல்லாகவும் இருக்கும்.

இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்பதாலேயே அன்று ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை, என்றும் எழுதிவிட முடியாது. பல சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27-ல் உருவானது அது. சேலம் பக்கம் 1827 முதல் வேலை செய்த லண்டன் மிஷன் ஆங்கிலிக்கன் சபை அல்ல.

சரி, கட்டடத்துக்கு வருவோம். அரைவட்ட வளைவு, முகப்பில் உருண்டைத் தூண்கள், மேலே முக்கோண நெற்றி என்றால் பழைய பாணி. லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் 1726-ல் முடித்த செயின்ட் மார்ட்டின் ஆலயம்தான் அதற்கு முன்மாதிரி. ஜன்னல்கள் ஒல்லியாக, நுனி கூராக இருந்தால் கோதிக். கேம்பிரிட்ஜில் 1839-ல் தொடங்கிய ஒரு சங்கம், இடைக்கால வடிவம்தான் ஆலயத்துக்கு ஏற்றது என்று பிடிவாதம் பிடித்த பிறகு பரவிய மோகம் அது.

அப்புறம் ஏணி போட்டு ஒரு ஓட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்து மிஷனரி அமைப்பு) முத்திரை இருந்தால் அந்தக் கூரை 1865-க்குப் பிந்தியது. அவர்களுடைய மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை அந்த வருடம்தான் தொடங்கியது. சுவர் அதைவிட மூத்ததாக இருக்கலாம். பூச்சு உதிர்ந்த மூலையில் நகத்தால் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பொடிந்தால் சுண்ணாம்புக் காரை, சாம்பல் நிறத்தில் நகத்துக்கு அசையாவிட்டால் பிற்காலத்து சிமென்ட். (சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூசலாம் என்கிற மேஸ்திரியை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும்.)

இதையெல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பனார் தொழில், கடைசிக் கட்டத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்துகளை வரிசையாக எழுதினாலே ஆயர்கள் பட்டியல் கிடைத்துவிடும். பதிவேட்டைச் செல்லரித்துவிட்டதா? கம்பெனி காலம் தொட்டு லண்டனுக்கு அனுப்பிய நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன; சென்னை மாகாணத்துக்கு 'என் 2' வரிசை. பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்கள்தான் அதில் வரும்.

எங்கே தேடினாலும் 'சேலம்' என்று தேடுங்கள். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல்.