லேடீஸ் சீட்டா, ஜென்ட்ஸ் சீட்டா: சைக்கிள் சீட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆச்சி, லேடீஸ் சீட் ஒண்ணு போட்டுத் தர்றேன். பஞ்சு மாதிரி இருக்கும்."

காரைக்குடியில் ஒரு சைக்கிள் கடையில் இந்த ஒரு வார்த்தைக்கு மயங்கித்தான் நான் சீட் வாங்கினேன். ரோஜா நிறத்தில் பூப்போட்ட, அகலமான சீட். கடைக்காரர் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார், நானும் அமுக்கிப் பார்த்தேன். உட்காரப்போவது கட்டைவிரல் இல்லை என்று அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. முதல் மூன்று நாள் சுகமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான் போய்த் திரும்பினேன். போக வர 30 கிலோமீட்டர் இருக்கும். வாசலில் இறங்கும்போது தொடை இரண்டும் உள்பக்கம் உரசிச் சிவந்திருந்தன. அதைவிடப் பயமுறுத்தியது, உட்காரும் இடத்தின் முன்பக்கம் மரத்துப்போயிருந்ததுதான்.

அதே வாரம் என் வீட்டுக்காரரும் தன் சைக்கிளில் இருந்த ஒல்லி சீட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற பழைய காலத்து சைக்கிள், அதில் 'ஸ்போர்ட்ஸ்' என்று எழுதிய சீட். விளையாட்டாக இரண்டையும் மாற்றிப் பூட்டினோம். என் பூப்போட்ட சீட் அவருக்கு அப்படியே பொருந்திவிட்டது. அவருடையது எனக்கு முழுக்கச் சரியில்லை, ஆனாலும் பழையதற்குத் தேவலை. எங்கள் இருவருக்கும் கடையில் தந்தது ஆண், பெண் பார்த்துத் தந்த சீட். உட்காரும் விதத்தை யாரும் கேட்கவே இல்லை.

பெயரைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. இடுப்பெலும்பின் அடியில், நாம் உட்காரும்போது பாரத்தைத் தாங்குகிற இரண்டு முட்டுகள் உண்டு. கடினமான பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தட்டுப்படுமே, அவைதான். பெண்களுக்குச் சராசரியாக இந்த இரண்டுக்கும் இடையே தூரம் அதிகம். இடுப்பெலும்பின் முன்வளைவும் பெண்களுக்கு விரிந்தும் ஆண்களுக்குக் குறுகியும் இருக்கும். அதனால்தான் 'லேடீஸ்' சீட்டைப் பின்னால் அகலமாகவும், முன்னால் நீளும் மூக்கைக் குட்டையாகவும் செய்கிறார்கள். ஆனால் சராசரி என்பது ஊருக்குத்தான், ஆளுக்கு இல்லை. எலும்பு அகன்ற ஆண்களும் குறுகிய பெண்களும் ஏராளம். ஒல்லியா குண்டா என்று பார்த்தும் சொல்ல முடியாது. சதை எவ்வளவு இருந்தாலும் எலும்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

அகலத்தைத் தீர்மானிப்பதில் எலும்புக்குச் சமமான பங்கு உட்காரும் விதத்துக்கும் உண்டு. நிமிர்ந்து ஓட்டினால் பாரம் பின்னால், அகன்ற முட்டுகளின் மேல் விழும். குனிந்து ஓட்டினால் இடுப்பு முன்னால் உருண்டு, பாரம் எலும்பின் குறுகலான முன்பகுதிக்கு நகரும். நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு அகல சீட், குனிந்து ஓட்டுகிறவருக்கு ஒடுக்க சீட். பழைய ஹெர்குலிஸ் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அசல் ஜென்ட்ஸ் சைக்கிள்கள், ஆனால் சீட் எவ்வளவு அகலம், அடியில் எவ்வளவு பெரிய ஸ்பிரிங்! இன்றைக்கு அதே அகலத்தில் ஒன்றைக் காட்டினால் லேடீஸ் சீட் என்பார்கள். (பள்ளத்தூரைத் தாண்டும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்தின் சொந்த ஊர் அது. ஹெர்குலிஸ் சைக்கிள்களை நம் நாட்டிலேயே தயாரித்தது அவர்கள் தொழிற்சாலைதான்.)

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 வாக்கில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அவர்களில் பலர் ஓட்டியது ஜென்ட்ஸ் சைக்கிள்தான். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. சிலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பிக் கேட்டார்கள், முன் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று. 'ஜென்ட்ஸ்' என்ற பெயர் அவர்களைத் தடுக்கவில்லை.

அளக்காமல் வாங்குவது அடுத்த தவறு. செருப்புக்கு நம்பர் கேட்கிற நாம் சீட்டுக்குக் கேட்பதில்லை. அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மளிகைச் சாமான் வருகிற மடிப்பு அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், உள்ளே அலை அலையாகத் தாள் வைத்தது. மெல்லிய துணி உடுத்திக்கொண்டு, கடினமான தாழ்ந்த படியில் அதைப் போட்டு உட்காருங்கள். எங்கள் வீட்டில் வளவுப் படி (உள்முற்றத்துப் படி) இதற்கென்றே கட்டியதுபோல் இருந்தது. முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குதிகாலைத் தூக்கி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுந்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

எனக்கு 116 வந்தது, அவருக்கு 134. இருவரும் நம்பாமல் இரண்டாம் முறையும் அளந்தோம்.

இந்த அளவோடு, குனிந்து ஓட்டுபவர் 20 மி.மீ. போலக் கூட்டிக்கொள்ளலாம். நிமிர்ந்து ஓட்டுபவர் 30, 40 கூடக் கூட்டலாம். இது தொடங்குவதற்கான கணக்குதான், வேதவாக்கு இல்லை. சில நிறுவனங்கள் ஒரே சீட்டை 143, 155, 168 மி.மீ. என்று பல அகலங்களில் விற்கின்றன. நம் பக்கத்துக் கடைகளில் பெட்டி மேல் அளவு போட்டிருக்காது, டேப்பைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம் அந்தப் பஞ்சு. மெத்தை அதிகமானால் வலி குறையும் என்பது எல்லோரும் நம்புகிற விஷயம். பஞ்சணையில் அரை மணி நேரம் சுகம்தான், அதற்கு மேல் கதை மாறும். எலும்பு இரண்டும் மெத்தைக்குள் அமிழ்ந்துவிட, பிதுங்கிய மெத்தை நடுவில் மேலேறி மென்மையான இடத்தை அழுத்தும். ஆண்களுக்கு அங்கே நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கி மரத்துப்போகும். பெண்களுக்கும் அதே நரம்பு உண்டு, கூடவே முன்பக்கத்துச் சதை வீங்கும், உரசிப் புண்ணாகும். எலும்பு நன்றாக ஊன்றுவதற்கு ஓரளவு கெட்டியான சீட்டே நல்லது. நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுகள் இந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் வந்தன. அவை பெண்களுக்கு மட்டும் என்று நினைத்து ஆண்கள் ஒதுக்குகிறார்கள், பாவம். அதே நேரம் திறப்பின் விளிம்பே சிலரை அறுக்கும். எனக்குத் திறப்பைவிட ஆழமில்லாத பள்ளம்தான் ஒத்துக்கொண்டது.

சீட் மேல் மாட்டுகிற ஜெல் கவரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நழுவும், தொடையில் உரசும், நம் ஊர் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் தோசைக்கல்லாகக் கொதிக்கும். புது சீட்டோடு வந்த பாலித்தீன் உறையைக் கழற்றாமல் ஆறு மாதம் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேர்வை அதில்தான் தேங்குகிறது, கழற்றிவிடுங்கள்.

சீட்டை மாற்றுவதற்கு முன் பூட்டியிருக்கிற விதத்தைப் பார்க்காமல் விடுவதும் பெரிய தவறு. காசு செலவில்லாமல் பாதி வலி இதிலேயே போய்விடும். என் அண்ணன் மகள் 11-ஆம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மிதிவண்டியை, வந்த நாளில் சீட் இருந்த உயரத்திலேயே ஒரு வருடம் ஓட்டினாள். முழங்கால் ஹேண்டில்பாரைத் தொடாத குறை. உயர்த்தச் சொன்னால், "அத்தை, கால் எட்டாது, விழுந்துருவேன்" என்றாள். நிற்கும்போது சீட்டிலிருந்து இறங்கி நிற்பதுதான் முறை என்று பழக்கிய பிறகு, சில நாளுக்கு ஒருமுறை ஒரு விரற்கடை வீதம் ஏற்றினோம். கணக்கு இதுதான்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். தாழ்வாக இருந்தால் காலில் போக வேண்டிய பாரமும் சீட்டிலேயே உட்காரும். மிக உயர்ந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி உரசும். சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும்படி மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

சாய்வுக்குக் கொத்தனாரின் ரசமட்டம் போதும். சீட்டை முதலில் மட்டமாக வையுங்கள். மூக்கு தூக்கியிருந்தால் முன்பக்கம் நசுங்கும். வலிக்கிறதே என்று மூக்கை ரொம்பத் தாழ்த்தினால் உடம்பு முன்னால் வழுக்கி, மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். தாழ்த்துவதென்றால் இம்மியளவு தாழ்த்தி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. உயரம், சாய்வு, சீட்டை முன் பின் நகர்த்துவது மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாது.

எப்போதும் சீட்டின் நுனியில் ஒண்டிக்கொண்டுதான் ஓட்டுகிறீர்களா? குற்றம் பெரும்பாலும் ஹேண்டில்பார் தூரத்தில் இருக்கிறது. உயரம் குறைந்தவர்கள், ஆணோ பெண்ணோ, பெரிய சைக்கிளை வாங்கினால் இந்தத் தொல்லை வரும். அதற்கு எந்த சீட்டும் மருந்தாகாது. கடையில் ஹேண்டில்பாரை அருகில் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள்.

துணியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சேலையோடு ஓட்டுகிறவருக்கு நீண்ட மூக்கு தொந்தரவு, ஏறி இறங்கும்போது கொசுவம் மாட்டும். இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனம் தன் தோல் சீட்டில் குட்டை மூக்கு வகை ஒன்றைச் செய்வதும் பாவாடை அணிந்து ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துத்தான். அதாவது 'லேடீஸ்' வடிவத்தில் ஒரு பங்கு எலும்புக்காக, இன்னொரு பங்கு உடைக்காக. சுடிதாரிலும் ஜீன்ஸிலும் நாலு தையல் வந்து கூடுகிற இடம் சரியாக சீட்டின் மேல் விழுகிறது. நீண்ட தூரத்துக்கு மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளே போட்டு, மேலே தளர்வான பேண்ட் போட்டுக்கொள்கிறேன். அந்த ஷார்ட்ஸுக்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, போட்டால் அதன் தையலே அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் துவைத்துப்போடுங்கள்.

கடைசியாக, பொறுத்துக்கொள்வது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் விட்டுத் தொடங்குகிறவர்களுக்கும் எலும்பு ஊன்றும் இடத்தில் ஒன்றிரண்டு வாரம் வலிக்கும், பழகினால் போய்விடும். மரத்துப்போவது அப்படியில்லை, பழகக் கூடாத ஒன்று. ஓடும்போதே மரத்தால் பெடலில் எழுந்து நின்று ஓட்டுங்கள். அன்றைக்கே சாய்வைப் பாருங்கள், சரிவராவிட்டால் சீட்டை மாற்றுங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தாலோ, சிறுநீர் போகும்போது வலித்தாலோ, வீக்கமோ புண்ணோ ஆறாமல் இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம், ஆண்களும் அப்படித்தான் என்று வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடமாக மரத்துப்போய்க்கொண்டிருந்ததாம், ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை.

இப்போது நான் ஓட்டுவது 143 மி.மீ. அகலமுள்ள, நடுவில் பள்ளம் வைத்த கறுப்பு சீட். பெட்டியில் ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை. ரோஜாப்பூ சீட் இன்னும் அவர் சைக்கிளில்தான் இருக்கிறது. சந்தைக்குப் போகிற நாளில் மட்டும் அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்கிறார்.