இந்தோனேசிய இளைஞர்களோடு உட்காரும்போது தவிர்க்க வேண்டியவை

இந்தோனேசிய இளைஞர்கள் என்றதும் பாலிக் கடற்கரையும் ஜகார்த்தா மால்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் தடுமாறுவது ‘நொங்க்ரோங்’கில்தான். நாலு பேர் கூடி, காரியம் ஏதுமின்றி மணிக்கணக்காக உட்கார்ந்து பேசும் பழக்கம் அது. நடுவில் “அடுத்து எங்கே போகிறோம்?” என்று கேட்காதீர்கள். எங்கும் போவதில்லை, உட்காரத்தான் வந்திருக்கிறார்கள்.

ஜாவா தீவின் யோக்யகர்த்தா நகரில் மாலையானால் தெருவோரங்களில் ‘ஆங்க்ரிங்கான்’ வண்டிகள் முளைத்துவிடும். ஒரு கைப்பிடிச் சோற்றோடு நெத்திலியும் சம்பலும் வைத்து மடித்த ‘நாசி குச்சிங்’ பொட்டலங்கள், குச்சியில் கோத்த கோழிக்குடல், காடை முட்டை எல்லாம் வண்டிமேல் பரப்பியிருக்கும். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். கிளம்பும்போது தின்றதை ஒவ்வொன்றாகச் சொன்னால், கடைக்காரர் கூட்டித் தொகையைச் சொல்வார். கணக்கு வைக்காமல் தின்றுவிட்டுக் கடைசியில் விழித்தால் வெளியூர்க்காரர் என்பது தெரிந்துவிடும். துகு ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளில் ‘கோப்பி ஜோஸ்’ கேட்டால், கனலும் கரித்துண்டைக் காப்பிக்குள் போட்டுத் தருவார்கள். அவசரப்பட்டு உறிஞ்ச வேண்டாம்.

கடைக்காரரை மொட்டையாகக் கூப்பிடக் கூடாது. ஆணென்றால் ‘மாஸ்’, பெண்ணென்றால் ‘ம்பாக்’. நம் அண்ணா, அக்கா மாதிரி. இடக்கையால் பணம் நீட்டக் கூடாது என்பது நமக்கும் தெரிந்ததுதான். வலக்கையில் போன் இருப்பதால்தான் தவறிவிடுகிறோம்.

அழைத்ததற்கு ஒருவர் “இன்ஷா அல்லா” என்று சிரித்தால், வருவாயா மாட்டாயா என்று நெருக்காதீர்கள். முகத்துக்கு நேரே மறுக்க ஜாவாக்காரர்கள் பலரும் கூசுவார்கள்.

உடையைப் பார்த்து ஆளை எடைபோடுவதும் தவறு. 2022இல் சீத்தாயாம், போஜோங்கெடே போன்ற புறநகர்களிலிருந்து பதின்வயதினர் மின்சார ரயிலேறி ஜகார்த்தாவின் மையப் பகுதியான டுக்கு அத்தாஸுக்கு வந்தார்கள். மலிவான உடைகளில் ஒய்யாரம் காட்டி, சாலையைக் கடக்கும் கோடுகளையே அலங்கார அணிவகுப்பு மேடையாக்கினார்கள். வேலையற்ற கூட்டம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. காசில்லாமல் பொழுதுபோக்க அந்தப் பிள்ளைகளுக்கு வேறு எந்த இடத்தை விட்டுவைத்தார்களோ! ‘சீத்தாயாம் ஃபேஷன் வீக்’ என்ற பெயர் பரவியதும், பிரபலம் ஒருவரின் நிறுவனம் அதைத் தன் வணிகமுத்திரையாக்க விண்ணப்பித்தது. எதிர்ப்பு கிளம்பவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

கூட்டத்திலிருந்து சொல்லாமல் நழுவுவதும் அழகல்ல. “துலுவான் யா”, அதாவது நான் முன்னால் கிளம்புகிறேன் என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகும் அரைமணி நேரம் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.