கேரட்டுக்குள் தேயிலை: கையால் செக்‌ஷன் எடுக்கும் முறை

எங்கள் குன்னூர் பக்கம் செக்‌ஷன் பழக, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்க இலையை மெல்லிசாகச் சீவப் பழக, வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது தேயிலைதான். வேலியைத் தாண்டினால் கிடைக்கும். ஆனால் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வராதீர்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் டீத்தூளுக்குத்தான் சரி. நமக்குச் செடியின் அடியில் தடித்துக் கிடக்கும் முற்றிய இலை வேண்டும். ஸ்கிளரைடு என்கிற, சுவர் தடித்த கல்செல்கள் அதில்தான் நன்றாக வளர்ந்திருக்கும்.

பனி ஈரத்தைத் துடைத்துவிட்டு, நடு நரம்போடு சேர்த்து 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்குங்கள். அன்றைக்கே சீவ நேரமில்லையா? 70 சதவீத ஆல்கஹால் 90 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மி.லி., ஃபார்மலின் 5 மி.லி. கலந்து, துண்டு கெடாமல் இருக்க அதில் ஒரு நாள் ஊறப் போடுங்கள். அந்த அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஊட்டிக் குளிரில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது! வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். அடுப்புப் பக்கம் கொண்டு போகவே கூடாது. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிரும்தான், பரவாயில்லை, ஃபார்மலின் நெடி அதைவிட மோசம்.

அடுத்தது சீவுவது. பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ஊட்டி கேரட் ஒன்றை நெடுக்காகக் கீறி, இலைத்துண்டை அதில் சொருகி இறுக்கிப் பிடியுங்கள். பிளேடு புதிதாக இருக்கட்டும், இதில் சிக்கனம் வேண்டாம். கேரட்டையும் பிளேடையும் நனைத்துக்கொண்டு, உங்கள் பக்கமாக ஒரே இழுப்பாக இழுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் செல்கள் நசுங்கும். சீவியதை உடனே தண்ணீரில் விடுங்கள். காற்றுப் பட்டால் வெட்டுவாய் பழுப்பேறிவிடும், தேயிலையின் குணம் அது. நிறையச் சீவித் தள்ளுங்கள், ஒன்றிரண்டு தேறும். முழுத் துண்டாக வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். ஓரம் மெலிந்து கண்ணாடி போலத் தெரிகிற அரைகுறைத் துண்டே போதும்.

அதைப் பிரஷ்ஷால் எடுத்து 1 சதவீத சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் மூன்று நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசி, 50 சதவீத ஆல்கஹாலில் ஒரு முக்கு முக்குங்கள். ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, துண்டை வைத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்குங்கள்.

முதலில் மைக்ராஸ்கோப்பின் 10எக்ஸ் லென்ஸில் பாருங்கள். நடு நரம்பில், தண்ணீர் கடத்தும் குழாய்களான சைலம் சிவந்திருக்கும். மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே, பந்தலுக்கு முட்டுக் கொடுத்த கவைக்கம்பு மாதிரி, கிளைவிட்டுத் தடித்துச் சிவந்து நிற்பவைதான் ஸ்கிளரைடுகள். டீத்தூளில் வேறு இலை கலந்திருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர்களும் இவற்றைத்தான் தேடுவார்கள். மொத்தத் துண்டும் ஒரே சிவப்பாகத் தெரிந்தால் சாயம் மிகுதி. அதை எடுத்து ஆல்கஹாலில் இன்னும் கொஞ்சம் அலசிவிட்டு மறுபடி பாருங்கள்.